மாட்டுங்காவுக்குப் போன நண்டுத் தீனி

அத்தியாயம் பதினொன்று

நண்டு சாப்பிடுவதை உட்கார்ந்து பார்ப்பதற்காக ஒருத்தி தாராவியிலிருந்து ஐரோலிக்கு ரயிலேறிப் போனாள் என்று சொன்னால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சொர்ணம்மாள் அதற்குத்தான் போனாள்.

மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதைச் சுற்றி இரண்டு பாலிதீன் பை. அதற்கும் மேல் ஒரு பழைய துண்டு. இத்தனை இருந்தும் சயானில் ஏறியதிலிருந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"அத்த, இன்னிக்கி நமக்கு ஃபுல் சீட்," என்றாள் ஷாலினி.

"சிரிக்காத. எனக்கு வெக்கமா இருக்கு."

நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடலாம். ஷாலினி சொர்ணம்மாளின் மருமகள். மகன் செல்வத்துக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஐரோலி உப்பங்கழியோரம் இருக்கும் ஒரு சின்ன நண்டுப் பொரிப்பகத்தில் அவளுக்கு வேலை. அங்கே தாய் நண்டுகளைத் தொட்டியில் வைத்துப் பேணி, முட்டையிட வைத்து, குஞ்சுகளைப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். தாய் நண்டுக்குத் தினமும் பச்சைக் கணவாயும் மட்டிச் சதையும் வேண்டும். ஜூன், ஜூலையில் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் பச்சைத் தீனிக்கு எங்கே போவது? உலர்ந்த பொடிகளைக் கலந்து ஒரு தீனி செய்கிற பொறுப்பு ஷாலினி தலையில் விழுந்தது. அவளும் கலந்தாள், பிசைந்தாள். தண்ணீரில் போட்ட அரை மணியில் அத்தனையும் கரைந்து சேறானது.

ஆறு வாரத்துக்கு முன்னால், வீட்டு அடுப்படியில் மருமகள் அந்த மாவோடு மல்லுக்கு நிற்பதைச் சொர்ணம்மாள் பார்த்தாள். திட்டுவதற்குத்தான் போனாள். போனவள், "இதுல என்னென்ன போட்டிருக்க?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பரணில் கிடந்த பழைய முறுக்கு நாழியை எடுத்துப் பிழிந்து, இட்லிச் சட்டியில் அவித்து, காயவைத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து மணி நேரம் கரையாமல் கிடந்தது.

அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் மேல் வீட்டில் நண்டுத் தீனி தயாராகிறது. கீழே பட்டறையில் முறுக்கும் சீவலும் சேவும். பட்டறை அவளுடைய கணவர் பிரம்மநாயகத்துடையது. சுத்த சைவம் என்ற பெயரில்தான் அவர் சரக்கு மாட்டுங்காக் கடைகளுக்குப் போகிறது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் உண்டு. ஆனால் மீன் சமைத்த கரண்டி ஒன்றுகூடப் படியிறங்கிக் கீழே வரக் கூடாது என்பது அவர் சட்டம். அப்படிப்பட்டவரிடம் கணவாய்ப் பொடியைப் பற்றி எப்படிச் சொல்வது? அவர் வெளியே போகிற, கீழே அடுப்பு எரியாத நாளாகப் பார்த்துப் பிழிந்தார்கள். சாம்பிராணி போட்டு வாடையை மறைத்தார்கள். மறைந்துவிட்டதாகவே சொர்ணம்மாள் நினைத்திருந்தாள்.

இன்றைக்கு அவரும் செல்வமும் உல்லாஸ்நகருக்குப் போகிறார்கள். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாகத் தெருத்தெருவாக அளவெடுக்கிறார்களே, பட்டறையை இடித்துவிட்டால் வேறு இடம் வேண்டாமா? அங்கே ஒரு கொட்டகை இருக்கிறதாம். பார்த்துவிட்டு ராத்திரிதான் திரும்புவார்கள். அந்தத் தைரியத்தில் நேற்றுப் பிழிந்த தீனியில் பாதியை மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே தட்டில் பரப்பி வைத்துவிட்டு, மீதியை டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

தானேயில் இறங்கி ரயில் மாறினார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, ஒரு சந்தேகம்," என்றாள் சொர்ணம்மாள். "அந்தப் பொடியில கொலஸ்ட்ரால்னு ஒரு கொழுப்பு தனியா போடுதியே, அது எதுக்கு?"

"நண்டுக்கு அதைச் சொந்தமா உண்டாக்கத் தெரியாது அத்த. நம்ம உடம்பு தானா உண்டாக்கிக்கும். நண்டு தீனியிலிருந்துதான் எடுக்கணும். அது இல்லேன்னா முட்டை வளராது, ஓட்டையும் சரியா கழட்டாது."

"ஒங்க மாமாவுக்கு டாக்டர் ஆகாதுன்னு சொன்ன சாமானை இதுக்கு வாங்கிப் போடுத!"

ஷாலினி சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு ஐரோலி வரை நிற்கவில்லை. இன்றைக்கு நாற்பத்திரண்டாவது நாள். இந்தத் தீனி பலித்ததா இல்லையா என்று ஸ்மிதா மேடம் பார்க்கப் போகிற நாள்.

*

ஸ்மிதாதான் பொரிப்பகத்தின் பொறுப்பாளர். நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் ஒரு டார்ச்சோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாங்க காகூ! முறுக்கு மாஸ்டர் நீங்கதானா?" என்று இந்தியில் கேட்டாள். காகூ என்றால் மராட்டியில் சித்தி. உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போதே முகம் மாறியது. "உங்க தீனி கரையலை. அது நல்லது. ஆனா தினமும் காலையில பாதி அப்படியே கிடக்குது. நண்டுக்குப் பிடிக்கலை."

இருட்டான கொட்டகை. வரிசையாக ஆறு சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நண்டு, அடியில் மணல், முழங்கை ஆழத்துக்கு உப்புத்தண்ணீர். சொர்ணம்மாள் குனிந்து பார்த்தாள். சந்தையில் கயிறு கட்டிக் கிடக்கும் நண்டைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். கட்டவிழ்ந்த நண்டு இவ்வளவு அகலமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"மணல் எதுக்கு?"

"முட்டை விடும்போது மணல்ல பதிஞ்சு உக்காரும் அத்த. அப்பதான் முட்டையெல்லாம் வயித்து மடிப்புல ஒட்டும். இல்லேன்னா உதிர்ந்துரும்."

"இது திங்கிறதை யாரு பாத்திருக்கா?"

ஷாலினி ஸ்மிதாவைப் பார்த்தாள். ஸ்மிதா ஷாலினியைப் பார்த்தாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போடுறோம். இருட்டினதும்தான் தின்னும். காலையில மிச்சத்தை எடுத்து எடை போடுறோம்," என்றாள் ஸ்மிதா.

"அப்போ யாரும் பாக்கலை."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஸ்மிதா ஒரு கணம் யோசித்துவிட்டு, "இருங்க," என்று வெளியே போய்க் கறுப்புத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்தாள். நாலாம் எண் தொட்டியின் மேல் அதைக் கூடாரம்போலப் போர்த்தி, உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டார்கள். சொர்ணம்மாள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தார்ப்பாய்க்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

ஷாலினி வழக்கம்போல விரல்கணு அளவுக்கு நறுக்கிய தீனித் துண்டுகளைப் போட்டாள்.

பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நண்டின் இரண்டு கண்களுக்கும் நடுவில் மயிரிழை மாதிரி எதுவோ வெடுக் வெடுக்கென்று துடித்தது.

"ஏட்டி, அது என்ன மீசையா?"

"அதுதான் அதோட மூக்கு. தண்ணில வாசம் பிடிக்குது. சத்தம் போடாதீங்க அத்த."

நண்டு பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. கொடுக்கை நீட்டி ஒரு துண்டை எடுத்தது. துண்டு நழுவியது. மறுபடி எடுத்தது. இந்தத் தடவை இறுக்கிப் பிடித்ததில் துண்டு நொறுங்கி நாலாபக்கமும் சிதறியது. வாயோரம் இருந்த குட்டிக் கைகள் அகப்பட்டதை மட்டும் அள்ளிக்கொண்டன. சிதறியதை நண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த துண்டுக்குப் போனது. அதுவும் நொறுங்கியது. மூன்றாவதும் அப்படியே. பிறகு அலுத்துப்போய் மூலைக்குத் திரும்பிவிட்டது.

சொர்ணம்மாள் தலையை வெளியே எடுத்தாள். முகமெல்லாம் வேர்வை.

"பிடிக்காம இல்ல. பிடிக்க முடியல. பாறை உடைக்கிறவன் கையில பொட்டுக்கடலையைக் கொடுத்த மாதிரி இருக்கு."

டப்பாவைத் திறந்தாள். நேற்று நேரமில்லாமல் நறுக்காமல் விட்ட தீனி அடியில் கிடந்தது. சாண் நீளத்துக்கு, சுண்டுவிரல் கனத்தில். அதில் ஒன்றை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டாள்.

மீசை துடித்தது. நண்டு வந்தது. ஒரு கொடுக்கால் நடுவில் பிடித்துக்கொண்டு, மறு கொடுக்கால் நுனியைக் கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொடுத்தது. கரும்பு தின்கிற ஆள் மாதிரி நிதானமாக, அங்கே இங்கே பார்க்காமல். முக்கால்வாசியைத் தின்று முடித்தது. ஸ்மிதா குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை.

"அரே வா," என்றாள் கடைசியில்.

இரண்டாம் எண் தொட்டியிலும் அதேபோலச் செய்து பார்த்தார்கள். அந்த நண்டு வரவே இல்லை. நீளத் துண்டும் கிடந்தது, குட்டித் துண்டும் கிடந்தது, நண்டும் தன்பாட்டுக்குக் கிடந்தது. அது ஏன் என்று சொர்ணம்மாளுக்கும் தெரியவில்லை, படித்தவர்களுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பரிசோதனை. ஸ்மிதா ஒவ்வொரு நண்டாக எடுத்துக் கொடுக்கைக் கட்டி, பின்பக்கம் முதுகோடும் வயிற்று மடிப்பும் சேரும் இடத்தை விரலால் அழுத்தி டார்ச் அடித்தாள். மெல்லிய தோலுக்கு உள்ளே இருக்கும் முட்டைப்பை அங்கே தெரியும். வெளுத்திருந்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆரஞ்சு நிறம் வந்தால் முட்டைக்குத் தயார்.

ஒன்று வெளிர் மஞ்சள். இரண்டு வெள்ளை. மூன்று வெளிர் மஞ்சள். நாலில் மட்டும் நல்ல மஞ்சள், ஓரத்தில் காவி படர்ந்தமாதிரி. ஐந்து மஞ்சள். ஆறு வெள்ளை.

ஸ்மிதா டார்ச்சை அணைத்தாள். "உரண் பக்கத்துப் பண்ணைக்காரங்க ஆகஸ்டு கடைசியில குஞ்சு கேக்கறாங்க. என்னால ஆறையும் காக்க வைக்க முடியாது. மூணு நண்டுக்கு இன்னும் பத்து நாள் தரேன், நீளத் தீனி போட்டுப் பார். மத்த மூணுக்கு நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கண்ணை எடுத்துடலாம். எந்த மூணுன்னு நீயே சொல்லு ஷாலினி. செய்யவும் நீ கத்துக்கணும்."

சொர்ணம்மாளுக்கு இந்தி நன்றாகவே புரியும். ஆனாலும் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள்.

"கண்ணையா?"

ஷாலினி அவளை ஓரமாக அழைத்துப் போனாள். குரல் தாழ்ந்திருந்தது. "கண்ணைத் தாங்குற காம்புக்குள்ள ஒரு சுரப்பி இருக்கு அத்த. முட்டை வளர ஆரம்பிச்சா அது, 'இப்ப வேணாம், இப்ப வேணாம்'னு தடுத்துட்டே இருக்கும். சூடான இடுக்கியால அந்தக் காம்பை எடுத்துட்டா தடுக்க ஆள் இல்ல. முட்டை வளர்ந்துரும்."

"வேண்டாம்னு சொல்லுதது கண்ணுக்குள்ளயா இருக்கு?"

"ஒரு கண்ணுதான். இன்னொண்ணு இருக்கும்."

"ஒரு கண்ணு அதுக்குப் போதுமா?"

"நல்ல தீனி குடுத்தா முட்டை தானாவே பழுக்கும்னுதான் நான் இவ்வளவு கஷ்டப்பட்டேன்." ஷாலினியின் கண் கலங்கிவிட்டது. "நான் இதுவரை செஞ்சதில்ல. நாளைக்கு நீங்க வருவீங்களா? பக்கத்துல சும்மா நின்னா போதும்."

"வாரேன்," என்றாள் சொர்ணம்மாள். யோசிக்காமலே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. பிரம்மநாயகம்.

"ஏளா, எங்க இருக்க?"

"ஷாலினி ஆபீசைப் பாக்க வந்தேன். நீங்க உல்லாஸ்நகர் போகலியா?"

"கொட்டகைக்காரன் இன்னிக்கி இல்லியாம். குர்லா தாண்டும்போது போன் பண்ணுதான். செல்வத்தைக் கல்யாண் கடைகளுக்கு அனுப்பிட்டு நான் அப்பவே திரும்பிட்டேன்." அவர் குரலில் உற்சாகம் வழிந்தது. "மேல ரூம்ல புதுசா ஒண்ணு காயப் போட்டிருக்கியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? என்ன கலரு! எண்ணெயே இல்லாம அவிச்சுக் காயவச்சிருக்க போல. டயட் அயிட்டமா? இப்பல்லாம் அதைத்தான கேக்காங்க. ஒண்ணைக் கடிச்சுப் பாத்தேன். கறுக்குனு இருக்கு, உப்புதான் ஒரு பிடி தூக்கல். ரெண்டு பாக்கெட் கட்டி மாட்டுங்கால ராமசேஷன் கடையில சாம்பிள் குடுத்துட்டு இப்பதான் வெளிய வாரேன். நவராத்திரிக்குப் புதுசா கேட்டுட்டே இருந்தாருல்லா!"

சொர்ணம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏங்க... அதுல..."

"சரி, மாஹிம்ல எண்ணெய் டின் எடுக்கணும். வச்சிருதேன்."

*

ஷாலினியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் வேலையை விட்டு அவளால் நகர முடியாது. சொர்ணம்மாள் தனியாகவே ஓடினாள். ஐரோலியிலிருந்து தானே. தானேயிலிருந்து மாட்டுங்காவுக்கு ஸ்லோ ரயில். மழையில் அது இன்னும் ஸ்லோவாகப் போனது.

முதலில் அவள் மனமெல்லாம் அந்தப் பாக்கெட்டுகள்தான். ராமசேஷன் பிறந்ததிலிருந்து சைவம். கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். யாராவது ஒருத்தர் வாயில் போட்டுவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

காஞ்சூர் மார்க் தாண்டும்போது வேறொரு யோசனை குறுக்கே வந்து நின்றது.

இந்தச் சாமானின் வாடையில் காலையில் லேடீஸ் பெட்டியே காலியானது. மூன்று சுற்று சுற்றியும் காலியானது. தட்டில் திறந்து கிடந்ததை அவர் கையால் எடுத்திருக்கிறார். கடித்திருக்கிறார். பாக்கெட் கட்டியிருக்கிறார். முப்பது வருஷமாக முறுக்குச் சுடுகிற மனுஷன். எண்ணெய்ச் சட்டிக்குப் பத்தடி தள்ளி நின்றே, "எண்ணெயை மாத்துலே" என்று சத்தம் போடுகிறவர்.

அவருக்கு ஏன் தெரியவில்லை?

ஆறு வாரமாகப் போட்ட சாம்பிராணியைப் பற்றி நினைத்தாள். அது மறைக்கவில்லை என்றால்? வேறு எதுவோ மறைத்திருக்கிறது என்றால்?

*

ராமசேஷனின் கடை சந்தைக்கு எதிர்வரிசையில் இருந்தது. அப்பளம், ஊறுகாய், காப்பிப்பொடி, முறுக்கு வகையறா. அறுபதைத் தாண்டிய மனிதர். எப்போதும் வாய் நிறைய வரவேற்கிறவர், இன்றைக்கு அவளைப் பார்த்ததும் முக்காலியை மட்டும் காட்டினார்.

"உக்காருங்கோம்மா. நீங்க வருவேள்னு நெனைக்கலை. யாராவது வருவான்னு நெனைச்சேன்."

மேஜைக்குக் கீழே இருந்து ஒரு பையை எடுத்து அவள் காலடியில் வைத்தார். முடிச்சுப் போட்டிருந்தது. இரண்டு பாக்கெட்டும் உள்ளே இருந்தன. ஒன்று பிரித்திருந்தது.

"கடையில வேலை செய்யற பொண்ணு கையை நீட்டினா. நான் எதையும் முகர்ந்து பாக்காம குடுக்கறதில்லை. பிரிச்சதுமே தெரிஞ்சுடுத்து. கையை மூணு தடவை அலம்பினேன். இன்னும் போகலை."

"யாரும் சாப்பிடலியே?"

"இல்லை. இது என்னன்னு சொல்லுங்கோ."

வரும் வழியில் இரண்டு பொய்களைத் தயார் செய்துவைத்திருந்தாள். அந்தப் பையைப் பார்த்ததும் இரண்டும் மறந்துபோயின. எல்லாவற்றையும் சொன்னாள். மருமகள், தாய் நண்டு, கணவாய்ப் பொடி, பழைய நாழி, எல்லாம்.

"பட்டறையில இல்ல. மேல வீட்டு அடுப்படியில. அந்த நாழி பரண்ல கிடந்தது, பட்டறைப் பக்கம் வந்ததில்ல. இது எம் புள்ளைங்க மேல சத்தியம். தப்பு என்னோடது. அவுகளுக்கு எதுவும் தெரியாது."

"நண்டுக்கு முறுக்கா?" ராமசேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பா, அருவருப்பா என்று தெரியாத முகம். "அது இருக்கட்டும். நான் அப்போலேர்ந்து யோசிச்சுண்டு இருக்கறது வேற. உங்காத்துக்காரர் இதோ இங்க நின்னுண்டு, சிரிச்சுண்டே தன் கையால குடுத்தார். அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

ரயிலில் அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி.

"நாலு நாளா சளி," என்றாள்.

ராமசேஷன் அவளையே பார்த்தார். "போன மாசம் வந்த சீவல்ல ஒரு டின், காறின எண்ணெய் வாடை அடிச்சது. பன்னண்டு வருஷத்துல முதல் தடவை. போறதுன்னு நானும் சொல்லலை. அப்பவும் சளியாம்மா?"

அவள் காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலம்பற பத்து மணிக்குப் பட்டறைக்கு வரேன். எண்ணெய் வைக்கறச்சே நான் பாக்கணும். நவராத்திரி ஆர்டரை அதுக்கப்பறம் பேசிக்கலாம். கோவத்துல சொல்லலை. ஜனங்க என்னை நம்பி வாயில போட்டுக்கறா."

*

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. பிரம்மநாயகம் மேலே அடுப்படி வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் டின்கள் வந்து இறங்கிவிட்டன. நல்ல குஷியில் இருந்தார்.

"எதுக்கு இப்படி நனைஞ்சுட்டு வார? குடை எங்க?"

அவள் பதில் சொல்லாமல் உள்ளே போனாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்திருந்த கணவாய்ப் பொடி டப்பாவை எடுத்து வந்து, அவருக்கு ஒரு கை தூரத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். குப்பென்று கிளம்பியது. அவளுக்கே குமட்டியது. பக்கத்து வீட்டு ஜன்னலை யாரோ படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது.

பிரம்மநாயகம் டீயை உறிஞ்சினார்.

"ஏங்க, இது என்ன வாசம், சொல்லுங்க."

அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். விடை அங்கேதான் எழுதியிருக்கிறது என்பதுபோல, நெற்றி, புருவம், மூக்கு என்று தேடினார். அவள் முகத்தை ஆடாமல் வைத்துக்கொண்டாள்.

"நல்ல வாசந்தான்," என்றார்.

சொர்ணம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"ரெண்டாவது தடவை அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்துச்சுல்லா, அப்பலருந்து. எல்லாருக்கும் வாசம் திரும்பி வந்துட்டு. எனக்கும் வரும் வரும்னு இருந்தேன். வரல."

"அத்தனை வருஷமா? எங்கிட்ட சொல்லல!"

"என்னன்னு சொல்ல? முறுக்குக்காரனுக்கு மூக்கு இல்லன்னா? செல்வத்துக்குத் தெரிஞ்சா பட்டறையை மூடிட்டு வேற சோலியப் பாக்கலாம்பான்."

"அப்போ எண்ணெய் காறினது எப்படித் தெரியும் ஒங்களுக்கு? தள்ளி நின்னே மாத்தச் சொல்லுவீகளே!"

"நான் எண்ணெயைப் பாக்க மாட்டேன். ஒன்னையத்தான் பாப்பேன்." அவர் தலை குனிந்திருந்தது. "பத்து மணிக்கு எண்ணெய் காயும்போது நீ அந்த மூலையில நிப்பல்லா? எண்ணெய் பழசாச்சுன்னா ஒம் மூக்கு லேசா சுருங்கும். ஒனக்கே தெரியாது. உடனே நான் மாத்தச் சொல்லிருவேன். ஒரு நாள் நீ கீழ இறங்கல. போன மாசம். மேல ஏதோ வேலைன்னு சொன்ன. அன்னிக்கி என்ன ஆச்சோன்னு இன்னிவரை எனக்குப் பயந்தான்."

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. ஷாலினிக்கு அவசரமாகத் தீனி வேண்டுமென்று, அவர் பட்டறையில் இருக்கும்போதே காலையில் மேலே ஏறி நாழியைப் பிடித்த நாள். அன்றைய சீவலில் ஒரு டின்தான் ராமசேஷன் கடைக்குப் போயிருக்கிறது.

இப்போது அவள் சொல்ல வேண்டிய முறை. நண்டில் ஆரம்பித்து மாட்டுங்கா வரை சொல்லி முடித்தாள். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கணவாய் என்றதும் ஒரு தடவை வாயைத் துடைத்துக்கொண்டார். ராமசேஷன் பெயர் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

"நாளைக்குப் பத்து மணிக்கா?"

"ஆமா."

"நீ அந்த மூலையில நிப்பல்லா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் சிணுங்கியது. ஷாலினிக்குத் தமிழ் எழுத வராது, எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். சொர்ணம்மாள் அழுத்தினாள். மருமகளின் குரல் அடுப்படியில் ஒலித்தது. "அத்த, ரெண்டு, மூணு, ஆறுன்னு சொல்லிட்டேன். கரெக்டா தப்பான்னு தெரியல. நாளைக்குப் பத்து மணிக்கு. நீங்க வரேன்னு சொன்னீங்கல்ல, அந்தத் தைரியத்துலதான் இருக்கேன்."

இருவரும் போனைப் பார்த்தார்கள். அங்கேயும் பத்து மணி, இங்கேயும் பத்து மணி. எண் இரண்டு. கூப்பிட்டும் வராத அந்த நண்டு.

வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. பிரம்மநாயகம் கையை நீட்டி டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். குனிந்து மூக்கருகே வைத்தார். ஆழமாக இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

"எனக்கு ஒண்ணுமே வரல. நீ சொல்லு. இது எப்படி நாறும்?"

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லேன். தெரிஞ்சுக்கிடுதேன்."

சொர்ணம்மாள் டப்பாவை எடுத்தாள். ஆறு வாரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இதைக் கையாண்டிருக்கிறாள். இப்போதுதான் முதல் தடவையாக வேண்டுமென்றே முகர்ந்தாள்.

"மொதல்ல மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி," என்றாள். "அதுக்குப் பின்னால மாஹிம் பக்கம் கழியில தண்ணி வத்தினா வருமே, அந்த வாடை. அப்புறம்..."

நிறுத்தினாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"இருங்க. கடேசியில லேசா ஒரு இனிப்பு இருக்கு. இத்தனை நாளா எனக்கே தெரியல."

பிரம்மநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்த மாதிரி இனிப்பு?" என்று கேட்டார்.